ஆறு நாள் இருட்டாகக் கிடந்த டிவி

உதயகுமாருக்குத் தமிழ் பேச வேண்டுமென்றால் என் கரண்ட் பேனல் ரூமுக்குத்தான் வர வேண்டும். மேலே மூன்றாம் மாடியில், அவன் வேலை பார்க்கும் இடத்தில், இங்கிலீஷ் இல்லாவிட்டால் கன்னடம். வீட்டில் கன்னடம் மட்டும். அது டீச்சரம்மா போட்ட சட்டம்.

அவன் மகள் ஜீவிதாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இரண்டு வயதுவரை இவர்களுக்கு அது தெரியவில்லை. பட்டாசு வெடித்தாலும் பயப்படாத பிள்ளை என்று பெருமையடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். மூன்று வயதில் ஆபரேஷன் செய்து கருவி வைத்தார்கள். கருவி வைத்துவிட்டால் மட்டும் பேச்சு வந்துவிடாது. தினமும் எதிரில் உட்காரவைத்துப் பேச வேண்டும், பிள்ளை நம் வாயைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகப் பிடிக்க வேண்டும். போகாதி ரோடு பக்கம் அதற்கென்று ஒரு பள்ளிக்கூடம். அங்கே பாடம் கன்னடத்தில். இரண்டு பாஷையைப் போட்டுக் குழப்பாதீர்கள், வீட்டிலும் இதையே பேசுங்கள் என்று டீச்சரம்மா சொல்லிவிட்டார். உதயகுமாரும் அவன் மனைவி பாக்கியலட்சுமியும் மார்டள்ளிக்காரர்கள். கர்நாடகத்தில் இருந்தாலும் அது தமிழ் பேசும் ஊர். வீட்டுக்குள் தமிழைத் தவிர வேறு பேசி அறியாதவர்கள். அன்றிலிருந்து புருஷன் பெண்டாட்டி சண்டைகூடக் கன்னடத்தில்தான் நடந்தது.

மத்தியானம் ஒரு மணிக்கு டிபன் டப்பாவோடு கீழே வருவான்.

"அண்ணா, ஒரு அரை மணி நேரம் வாய நம்மூரு வழிக்கு உட்டுக்கறனுங்க."

"உட்டுக்க தம்பி. பேனலத் தொடாத. அது பாஷையெல்லாம் பாக்காது."

நான் அவன் ஊருக்குப் பக்கத்து ஹனூர். மைசூரில் அந்த ஹெப்பாள் தொழிற்பேட்டைக் கட்டடத்தில் பதினொரு வருஷமாக எலெக்ட்ரீஷியன். படிப்பு ஏழாவதோடு சரி. கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் சொல்வது எல்லாம் அவன் எனக்குச் சொன்னது. தப்பு இருந்தால் நான் புரிந்துகொண்டதில்தான் தப்பு.

உதயகுமாரின் அப்பா குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றியவர். இவன் கொள்ளேகாலில் டிப்ளமோ முடித்து, மைசூருக்கு வந்து ஒரு ஃபேக்டரி ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தான். எந்த ஸ்க்ரூ எவ்வளவு இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. அங்கேயே உட்கார்ந்து தானாகக் கற்றுக்கொண்டு எங்கள் கட்டடத்துக் கம்பெனிக்கு வந்தான். இந்தக் கம்பெனிக்கு நாடு முழுக்க மருந்துக் கடைகள் வாடிக்கை. எந்தக் கடையில் எந்த மாத்திரை தீரப்போகிறது என்று இவர்கள் முன்கூட்டியே சொல்வார்கள். முதலாளி மைசூர்க்காரர்தான். இந்தக் கட்டடத்தில் ஆரம்பித்து, பெரிதான பிறகு ஹைதராபாத்துக்குப் போய்விட்டார். இங்கே மிஞ்சியது வியாபாரம் பார்க்கிறவர்கள் கொஞ்சம், உதயகுமார் டீமில் ஆறு பேர். அந்த ஆறில் ஒருவர் மேனேஜர் சுதர்ஷன், ரயில்வேக்காரர் மகன், இங்கேயே யாதவகிரியில் பிறந்து வளர்ந்த தமிழர். அவர் தமிழில் பத்துச் சொல்லுக்கு ஏழு இங்கிலீஷ்.

போன செப்டம்பரில் ஹைதராபாத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. அன்றைக்கு உதயகுமார் டப்பாவைத் திறக்கவே இல்லை.

"டிசம்பர் முடியறதுக்குள்ள பில்லப் பாதியாக்கணுமாங்கண்ணா. இல்லீன்னா மைசூர் டீம் எதுக்கு, ஹைதராபாத் வந்து உக்காருங்கன்னு சொல்லிப்போட்டாங்க."

"போயேன். சம்பளம் அதேதானே?"

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "ஜீவிதா இப்பத்தான் மூணு வார்த்தை சேத்துப் பேசறாங்கண்ணா. கன்னடத்துல. அங்க கூட்டிட்டுப் போனா அது யாரு வாயப் பாக்கும்?"

நான் கேட்டிருக்கக் கூடாது.

எது பில் என்று அப்புறம்தான் கேட்டேன். இவர்களுடைய கணக்கெல்லாம் இந்தக் கட்டடத்தில் இல்லையாம். எங்கேயோ பெரிய கம்பெனி ஒன்றின் மெஷினில் வாடகைக்கு இருக்கிறது. கணக்கைச் சும்மா வைத்திருக்க வாடகை கொஞ்சம்தான். யாராவது அதனிடம் ஒரு கேள்வி கேட்டால் மெஷின் விழித்துக்கொள்ளும், மீட்டர் ஓடும். பத்து நிமிஷம் யாரும் ஒன்றும் கேட்காவிட்டால் அதுவே தூங்கிவிடும், மீட்டர் நிற்கும். மாதம் பதினான்கு லட்சம் வருகிறது.

"நம்ம ஜெனரேட்டர் மாதிரி," என்றேன். "ஒருத்தன் ஒரு பல்பு போட்டாலும் டீசல் குடிக்கும்."

"அதேதாங்கண்ணா. எவனோ ஒருத்தன் ஒரு பல்பு போட்டுட்டே இருக்கறான். தூங்கவே மாட்டீங்குது."

யார் யார் பல்பு போடுகிறார்கள் என்று துரத்துவதுதான் அவனுக்கு அடுத்த ஒரு மாதத்து வேலை. பக்கத்து சீட்டுப் பெண்களிடம் போய், டீ குடிக்கப் போகும்போது ரிப்போர்ட் பக்கத்தை மூடிவிட்டுப் போங்கள் என்பான். வியாபாரப் பையன்களிடம் ஒரே கேள்வியை நாலு தடவை கேட்காதீர்கள் என்பான். பத்து நிமிஷத்தை ஒரு நிமிஷமாகக் குறைத்தான். ஒரு நிமிஷம் யாரும் கேட்காவிட்டாலே மெஷின் தூங்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தருக்கும் ரிப்போர்ட் கொஞ்சம் தாமதமாகத் திறந்தது. லிஃப்டில் அவனைப் பார்த்தாலே, "வந்துட்டாருப்பா ஆஃப் குமார், மூச்சை நிறுத்திக்கங்க" என்று கன்னடத்தில் கேலி செய்தார்கள். சிரித்துக்கொண்டே நிற்பான். பில் பத்தாயிரம், இருபதாயிரம் குறையும். அவ்வளவுதான்.

உண்மையில் அந்த ஒருத்தன் யார் என்று முதல் வாரத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. மெஷினிடம் யார் எத்தனை மணிக்கு என்ன கேட்டார்கள் என்று ஒரு பதிவு இருக்கிறது. அதில் பக்கம் பக்கமாக ஒரே பெயர். முதலாளி பெயர். நிமிஷத்துக்கு ஒரு தடவை, இரவு பகல் கிடையாது.

"அவருகிட்டக் கேட்டுப்போடு," என்றேன்.

"சுதர்ஷன் சாருகிட்டக் கேட்டனுங்க. அவரு என்ன சொன்னாரு தெரியுங்களா?" சுதர்ஷன் மாதிரியே கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொல்லிக் காட்டினான். "'உதய், அது அவர் கம்பெனி. பணம் போட்ட பார்ட்டிங்களுக்குக் காட்ட ஏதாவது ஆட்டோமேட்டிக்கா வெச்சிருப்பார். அவர் வீட்ல அவர் ரூம்ல லைட் எரிஞ்சா நாம போய் ஆஃப் பண்ணுவோமா? லீவ் இட்.'"

விட்டுவிட்டார்கள். ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் அன்றைக்கு எவனும் ஆயுதத்தைத் தொட மாட்டான். மேலே லேப்டாப் அத்தனையும் மேஜையில் அடுக்கி, குங்குமம் வைத்து, பூப்போட்டு, கைகூப்பிவிட்டு எல்லாரும் பொரியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். உதயகுமாருக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. இன்றைக்கு ஒருத்தரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை, முதலாளியும் மனுஷன்தானே, பூஜை செய்வார். மெஷின் தூங்கும். தூங்கினால் எவ்வளவு மிச்சம் என்று ஹைதராபாத்துக்குக் காட்டலாம்.

மறுநாள் பதிவைப் பார்த்தால் முதலாளி பெயரில் ஆயிரத்து நானூற்று நாற்பது கேள்வி. ஒரு நிமிஷம்கூட விடவில்லை. மீட்டர் முழுசாக ஓடியிருக்கிறது. சுதர்ஷன் அதைப் பார்த்து, "திஸ் இஸ் வொய் ஹி இஸ் எம்.டி." என்றாராம்.

அக்டோபர் பதினொன்றாம் தேதி மத்தியானம் நல்ல இடி மழை. பக்கத்துக் கம்பத்தில் இடி விழுந்து கட்டடத்தில் பாதி சாமான் போயிற்று. இரண்டு ஏ.சி., லிஃப்டின் சர்க்யூட் கார்டு, ரிசப்ஷன் டிவி. நான் ஒரு வாரம் அதிலேயே கிடந்தேன்.

பதினான்காம் தேதி உதயகுமார் படி இரண்டு இரண்டாகத் தாவி இறங்கி வந்தான். பேனல் ரூம் வாசலிலேயே நின்று கத்தினான்.

"பாதிங்கண்ணா! மூணு நாளா பாதி! ராத்திரியெல்லாம் மெஷின் செத்த பொணமாத் தூங்குது!"

"எப்படிடா?"

"எல்லார்த்துக்கும் ஒரு மெயில் போட்டிருந்தேனில்லீங்களா, தேவையில்லாத புரோகிராம நிறுத்துங்கன்னு. முதலாளியும் அதப் படிச்சிருக்காருங்கண்ணா. அவரு பேரே பதிவுல இல்ல. சுத்தமா நிறுத்திட்டாரு. என்ற மெயிலப் படிச்சு!"

அவன் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பதினாறாம் தேதி ஹைதராபாத்தோடு நடந்த வீடியோ மீட்டிங்கில், செலவைப் பாதியாக்கிவிட்டேன் என்று சொன்னான். முதலாளிக்குத் தனியாக நன்றி சொல்லி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதவும் செய்தான். எதற்கு நன்றி என்று அவர் கேட்கவில்லை. எண்ணைப் பார்த்திருப்பார், கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலம் பாக்கியலட்சுமி கேசரி செய்து கொடுத்தனுப்பினாள். ஜீவிதாவுக்குப் பள்ளிக்கூடத்தில் அடுத்த வருஷத்துக்கும் பணம் கட்டிவிட்டான்.

பதினேழாம் தேதி காலையில் பதிவில் முதலாளி பெயர் திரும்ப வந்தது. நிமிஷத்துக்கு ஒன்று. பில் பழையபடி ஏறியது.

மனசு மாறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டான். நான் என்ன தப்பாக எழுதிவிட்டேன், நன்றி சொன்னது அவருக்குக் கேலியாகப் பட்டதோ என்று தினமும் என்னிடம் வந்து புலம்பினான். நவம்பர் முதல் வாரம் முதலாளியே கேட்டு எழுதினார்: பாதியாக்கிவிட்டேன் என்று சொன்னாயே, மறுபடி ஏன் முழுசாக வருகிறது? இதற்கு என்ன பதில் எழுதுவது? உங்களால்தான் என்று எழுத முடியுமா? அவன் எழுதவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் எழுதினான். அவர், பொய் எண்ணைக் காட்டினாயா என்று திரும்பக் கேட்டார்.

அன்றைக்கு என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "பதினொன்னாந்தேதி மத்தியானம் ரெண்டே முக்காலுக்கு நின்னது, பதினேழாந்தேதி காத்தால ஒம்பது மணிக்கு வந்தது," என்று பைத்தியம் மாதிரி அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

எனக்கு அந்த நேரம் எங்கேயோ இடித்தது. பேனல் நோட்டை எடுத்தேன். எது எரிந்தது, எப்போது போட்டேன் என்று அதில் எழுதுவேன். பதினொன்று, இரண்டு நாற்பத்தைந்து, இடி. பதினேழு, ஒன்பது மணி, ரிசப்ஷன் டிவி ரிப்பேர் ஆகி மாட்டியது.

"தம்பி," என்றேன், "அந்த டிவில என்ன ஓடுது?"

அவன் எழுந்து ஓடினான். நானும் பின்னால் போனேன்.

ரிசப்ஷனில் சோபாவுக்கு மேலே அந்தப் பெரிய டிவி. இந்தியா மேப், அதில் ஊர் ஊராகச் சிவப்புப் புள்ளி, கீழே எண்கள். வருகிறவர்கள் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்று முதலாளி இங்கே இருந்த காலத்தில் வைத்தது. என்றைக்கும் அணைக்கக் கூடாது என்பது எனக்கு அவர் போட்ட உத்தரவு. ஆயுத பூஜைக்குக்கூட மாலை போட்டு எரியத்தான் விட்டேன். உதயகுமார் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றான். எண்கள் ஒரு முறை சிமிட்டி மாறின. சரியாக ஒரு நிமிஷம். மறுபடி மாறின. மறுபடி ஒரு நிமிஷம்.

வைத்த அன்றைக்கு யாரோ முதலாளி பெயரிலும் அவர் பாஸ்வேர்டிலும் அதைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், கரண்ட் வந்தால் அதுவே திறந்துகொள்கிற மாதிரி. அவர் மறந்துவிட்டார், வைத்தவன் வேலையை விட்டே போய்விட்டான். அவர் ஹைதராபாத்தில் தூங்கும்போதும் அந்த டிவி அவர் பெயரில் நிமிஷத்துக்கு ஒரு தடவை மெஷினைத் தட்டி எழுப்பிக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, சோபாவில் ஈ காக்கை இல்லாதபோதும்.

"தெனமும் இதுக்குக் கீழதானுங்கண்ணா செருப்புச் சத்தம் கேக்க நடந்து போனேன்," என்றான்.

"நான் தெனமும் தூசி தொடச்சேன்," என்றேன்.

அவனுக்கு டிவியை உடனே அணைத்துவிடத்தான் ஆசை. நான் ஸ்விட்ச்சில் கை வைத்தேன். சுதர்ஷன் ஓடிவந்து தடுத்தார். வியாபாரக்காரர்கள் போட்டுக் கொடுத்துவிடுவார்கள், அவர் உத்தரவு இல்லாமல் கூடாது என்றார். சரி, அணைக்க வேண்டாம், நிமிஷத்துக்கு ஒன்று என்பதை மணிக்கு ஒன்று என்று மாற்றலாம் என்றான் உதயகுமார். அதற்கு முதலாளி பாஸ்வேர்டு வேண்டும்.

"உதய், பேசாம கேளு," என்றார் சுதர்ஷன். "ஏதோ அப்டேட்னு சொல்லிப் பாஸ்வேர்ட் வாங்கு. மாத்து. உன் ஃபிக்ஸ் ரெண்டாவது தடவை வேலை செஞ்சுதுன்னு எழுது. டிவி பத்தி மூச்சு விடாதே."

"பொய் எண்ணான்னு கேட்டிருக்காரு சார். நான் பொய் சொல்லலன்னு அவருக்குத் தெரிய வேண்டாங்களா?"

"தெரிஞ்சு?"

உதயகுமார் கேட்கவில்லை. உள்ளதை எழுதினான். தேதி, மணி, என் நோட்டின் போட்டோ, எல்லாம் சேர்த்து. முதலாளி, நேரில் வருகிறேன் என்று ஒரு வரி எழுதினார்.

நவம்பர் இருபதாம் தேதி வந்தார். அன்று மீட்டிங் ரூமில் ஏ.சி. ஒழுகியது, நான் ஏணி மேல் இருந்தேன். இறங்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. எலெக்ட்ரீஷியன் ஏணியில் இருந்தால் அவனும் ஏ.சி.யில் ஒரு பாகம்தான்.

உதயகுமார் படம் போட்டுக் காட்டினான். நன்றாகச் சொன்னான். இந்த டிவியை மட்டும் மாற்றினால் மாதம் ஏழு லட்சம் மிச்சம் என்று முடித்தான். முதலாளி முதலில் சிரித்தார். நல்ல சிரிப்புதான். தன் பெயரிலேயே திருட்டா என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஃபோனை எடுத்து அவரே பாஸ்வேர்டைப் போட்டு, மணிக்கு ஒன்று என்று மாற்றினார். இரண்டு நிமிஷ வேலை.

பிறகு ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். எவ்வளவு நாளாக ஓடுகிறது என்று கேட்டார். மூன்று வருஷம் என்றான். உனக்கு எப்போது என் பெயர் தெரிந்தது என்று கேட்டார். செப்டம்பர் என்றான்.

"செப்டம்பர்ல தெரிஞ்சு ஏன் என்னைக் கேக்கல?"

சுதர்ஷன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'வேண்டாம்னு சொன்னது நான்தான்' என்று அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் ஏணியில் காத்திருந்தேன். சொல்லவில்லை. உதயகுமாரும் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை.

"உங்க பேரு சார்," என்றான். "எப்படிக் கேக்கறது?"

முதலாளி கன்னடத்தில் மெதுவாகத்தான் கேட்டார். "ஒந்து டிவி ஆஃப் மாடக்கெ ஆறு ஜன பேகா?" ஒரு டிவியை அணைக்க ஆறு பேர் வேண்டுமா என்று.

அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

டிசம்பர் பில் பாதியாக வந்தது. சொன்ன கெடுவுக்குள் சொன்னதைச் செய்தான். லெட்டரும் வந்தது. ஜனவரி முதல் ஆறு பேரும் ஹைதராபாத், விருப்பமில்லாதவர் விலகலாம். சுதர்ஷன் விலகினார். அவருக்கு யாதவகிரியில் வீட்டு வாடகை வருகிறது. உதயகுமார் மைசூரில் ஏழு இடத்தில் கேட்டுப் பார்த்தான். டிப்ளமோ என்றதும் பாதிச் சம்பளம் சொன்னார்கள். அந்தக் காதுக் கருவிக்கு வயர் போனாலே ஆயிரக்கணக்கில் ஆகும், பள்ளிக்கூடப் பணம் வேறு. பாதிச் சம்பளத்தில் அது நடக்காது.

பெண்டாட்டி பிள்ளையை இங்கேயே விட்டுவிட்டு அவன் மட்டும் போனான். போகிற அன்று பேனல் ரூமுக்கு வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்து பேனலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேசுடா, அதுக்குத்தானே வந்த," என்றேன்.

"பேசறதுக்கு என்னங்கண்ணா இருக்குது. அங்க தமிழும் இல்ல, கன்னடமும் இல்ல."

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கியலட்சுமி கூப்பிட்டாள், சுவிட்ச் போர்டு புகைகிறது என்று. மேட்டகள்ளியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நான் போர்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது உதயகுமார் வீடியோவில் வந்தான். ஞாயிறு பதினோரு மணி அவன் பிள்ளையோடு பேசுகிற நேரம். ஜீவிதா ஃபோனை முகத்துக்குக் கிட்டே வைத்து அவன் வாயையே பார்த்தாள்.

"அப்பா பா," என்றாள். கன்னடத்தில் 'வா' என்று. நல்ல தெளிவாக வந்தது.

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். படம் நின்றுவிட்டது. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. எனக்குக் கேட்டது, அடுத்த மாசம் வரேன் பாப்பா, அடுத்த மாசம் வரேன் என்று கன்னடத்தில். பிள்ளை நின்றுபோன வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகு ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, என் ஸ்க்ரூ டிரைவரை வேடிக்கை பார்க்க வந்துவிட்டாள்.

"வாராவாரம் இதே கதைதாண்ணா," என்றாள் பாக்கியலட்சுமி, பிள்ளைக்கு முதுகைக் காட்டித் தமிழில். "முன்ன மூணு வார்த்தை சேத்துச் சொல்லுவா. இப்ப ரெண்டுதான். அவரு பேசறதத்தான் நல்லாப் புடிப்பா. என்ற வாய் அவளுக்குப் பத்தலயாம், டீச்சரம்மா சொல்றாங்க."

போர்டை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். காசு வாங்கவில்லை.

போன மாதம் மைசூர் ஆபீசுக்குப் புதிதாக ஒரு சேல்ஸ் தலைவர் வந்தார். ரிசப்ஷனில் நின்று டிவியைப் பார்த்தார். என்ன இது, எண்ணே மாற மாட்டேன் என்கிறதே, பார்ட்டி வந்தால் செத்த கம்பெனி மாதிரி இருக்கிறது என்றார். ஹைதராபாத்துக்கு ஃபோன் போட்டார். அங்கே யாரோ சரி செய்துவிட்டார்கள். இப்போது நிமிஷத்துக்கு ஒரு தடவை சிமிட்டுகிறது.

உதயகுமாரிடம் ஃபோனில் சொன்னேன். அவனை அங்கே வேறு வேலையில் போட்டிருக்கிறார்களாம், பில் பக்கம் விடுவதில்லையாம்.

"நீயாச்சும் சொல்லிப்போடு," என்றேன்.

"வேண்டாங்கண்ணா," என்றான். "யாரு பேருல ஓடுதோ."

காலை எட்டரைக்கு நான் ரிசப்ஷன் திறக்கிறேன். முதலில் டிவியைத் துடைக்கிறேன். அணைக்கக் கூடாது என்ற உத்தரவை யாரும் மாற்றவில்லை.